காலியாக விட்ட கடைசி வரி

தாராவி, மும்பை
6 அக்டோபர் 2024, ஞாயிறு

அன்பு மருமகள் உமைராவுக்கு மாமா ஜெயினுலாப்தீன் எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் உன் மாமி நஸீராவும் அல்லாஹ்வின் கிருபையில் சுகம். எங்கள் கட்டிடத்து லிப்ட் மட்டும் சுகமில்லை. பதினோரு நாளாக நான்காவது மாடியில் படுத்துக் கிடக்கிறது. ஏழு மாடி ஏறி இறங்கி மாமியின் முழங்கால் ஒரு பக்கம் பேச, மாமி இன்னொரு பக்கம் பேசுகிறாள். உனக்கு அந்த உப்புக் காற்றில் இருமல் வந்ததே, நின்றதா?

இந்த வருடம் நான் உனக்கு எழுதப்போகிற சங்கதியை உலகத்தில் ஒரு ஆள் நம்பமாட்டான். நம்பும்படி எழுதவும் எனக்கு உத்தேசம் இல்லை. ஆனாலும் அத்தனையும் சத்தியம் என்று இந்த முதல் கடிதத்திலேயே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

நம் பல்கலைக்கழகத்தின் செம்பூர் கட்டிடத்தில், மூன்றாவது மாடியில், ஆராய்ச்சியாளர் உதவிப் பிரிவு என்று ஒரு சமஸ்தானம் இருப்பது உனக்குத் தெரியும். தெரிந்தாலும் சரித்திரத்துக்காக எழுதிவைக்கிறேன். பெயர்ப்பலகை ஒன்பது அடி. உள்ளே குடிமக்கள் இரண்டு பேர், நானும் விஜயராணியும். ஆராய்ச்சிக்கு டெல்லியில் பணம் கேட்கிற ஒவ்வொரு விஞ்ஞானியும் எங்கள் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். படிவம் சரிபார்ப்பது, பதிவாளர் கையெழுத்து வாங்குவது, வெளியே போகும் கடிதங்களின் பதிவேட்டில் எண்ணும் தேதியும் போட்டு அனுப்புவது என்று மூன்று திருப்பணி. இயற்பியல் துறையில் ஒருவர் கறுப்பு மீசையோடு விண்ணப்பம் கொடுத்தார். கையெழுத்து ஆகி வந்தபோது அவருடைய பேரன் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

ஆனால் இந்தச் சமஸ்தானத்துக்கு ஒரு ரகசிய ஆயுதம் உண்டு. முப்பத்தொரு வருடமாக, தினமும் சாயங்காலம் பதிவேட்டை மூடும்போது, அன்றைய தேதியில் கடைசி வரியை எண் மட்டும் போட்டுக் காலியாக விட்டுவிடுவேன். கெடு தாண்டி மறுநாள் மூச்சிரைக்க ஓடிவருகிறவனுக்கு அந்த வரி. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், வாப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்தவன், ரயில் நின்றுபோய்க் குர்லாவிலிருந்து தண்டவாளத்தில் நடந்து வந்தவன், எல்லோரும் அந்த ஒரு வரியில்தான் கரை ஏறினார்கள்.

விஷயம் இதுதான். டெல்லி வாரியம் மறுபடி விண்ணப்பம் கேட்டிருக்கிறது. ஜனவரி 31க்குள் நம் பதிவாளரின் கடிதத்தில் எண்ணும் தேதியும் ஏறியிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்தைத் தாண்டக்கூடாது. ஏப்ரலில் உனக்கு முப்பத்தாறு. கணக்கு நீயே போட்டுக்கொள்.

உன் கள நிலையத்தில் டவர் இல்லாததும் ஒரு வகையில் நல்லதுதான். போனில் பொய் சொல்ல இடம் போதாது. வியாழக்கிழமை உங்கள் ஜீப்பில் ஆபீஸ் தபால் பை வந்ததும் பதிவாளர் கடிதத்தையே ஓரமாகத் தள்ளிவிட்டு உன் கடிதத்தைத்தான் முதலில் கிழிக்கிறேன். சத்தம் கேட்டு இரண்டாம் மாடிவரை எழுந்து நிற்கிறார்கள். விஜயராணி சாட்சி.

மாமி துஆ சொல்கிறாள். வேளைக்குச் சாப்பிடு.

உன் மாமா
ஜெயினுலாப்தீன்

*

கள ஆய்வு நிலையம்
16 அக்டோபர் 2024

மாமாவுக்கும் மாமிக்கும் உமைராவின் ஸலாம்.

இருமல் நின்றுவிட்டது. கொசு நிற்கவில்லை. மாமியை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது தடவை, மாமா. முதல் வருடம் வரவுசெலவுத் திட்டம் தவறான தலைப்பில் இருக்கிறது என்றார்கள். இரண்டாவது வருடம், முதல் வருடம் ஏன் நிராகரித்தோம் என்பதற்கு நான் விளக்கம் இணைக்கவில்லை என்றார்கள். நிராகரித்தது அவர்கள், விளக்க வேண்டியது நான். எண்பத்திரண்டு பக்கம் மறுபடி அச்சடிக்க வேண்டும் என்று நினைத்தாலே கை சோர்ந்துவிடுகிறது.

ஆனாலும் போடுகிறேன். எனக்காக இல்லை. கடல் தண்ணீர் ஏறும் வயலிலும் விளைகிற நெல் முப்பத்தெட்டு ரகம், ஆறு வருடமாக வீடு வீடாகப் போய் வாங்கிச் சேர்த்தது. கொடுத்த பெண்களில் பலர் இப்போது வயலை இறால் குட்டைக்கு விட்டுவிட்டார்கள். அதனால் சில ரகம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. போன வருடம் நூறு விதை போட்டால் எழுபது முளைத்தது. இந்த வாரம் போட்டுப் பார்த்தேன், நாற்பது. அடுத்த மழையில் மண்ணில் போட்டுப் புது விதை எடுக்காவிட்டால் அதற்கடுத்த மழைக்கு உயிர் இருக்காது. என் வேலை மே 31 வரைதான். பணம் வந்தால் வேலையும் இருக்கும், வயலும் இருக்கும்.

போன வருடம் வாரியத்தில் விதையைப் பார்வையிட வேண்டும் என்று கேட்டார்களே, முப்பத்தெட்டிலும் ஒவ்வொரு பொட்டலம், தகர டப்பாவில் உங்கள் பிரிவுக்கு அனுப்பினேன். யாரும் பார்க்கவில்லை என்று தெரியும். அது பத்திரமா?

அந்தக் காலி வரி நிஜம்தானா, உங்கள் மற்ற கதைகள் மாதிரியா?

வஸ்ஸலாம்.
உமைரா

*

தாராவி
22 டிசம்பர் 2024, ஞாயிறு

அருமை மருமகளுக்கு மாமாவின் ஸலாமும் மாமியின் முத்தமும். நாங்கள் சுகம். லிப்ட் எழுந்து ஒரு வாரம் ஓடிவிட்டு மறுபடி படுத்துவிட்டது. பதில் எழுதத் தாமதம், பொறுத்துக்கொள்.

தகர டப்பா பத்திரம். பிரிவின் இரும்பு அலமாரியில் மேல்தட்டில் உன் நெல், கீழ்த்தட்டில் என் சாப்பாட்டு டப்பா. ஒரு நாள் பசி மயக்கத்தில் மாற்றி எடுத்துவிட்டேன். ரகம் பதினாலு ரொம்பக் கடினம்.

உன் வரவுசெலவுத் திட்டம் நான்கு முறை திரும்பி வந்ததற்கு நான் பொறுப்பில்லை. நிதிப் பிரிவில் ஒரு சுரங்கம் இருக்கிறது. அதில் விழுந்த கோப்பை எடுக்க மூன்று பேர் கயிறு கட்டி இறங்கினார்கள். இரண்டு பேர்தான் திரும்பி வந்தார்கள், அவர்களுக்கும் பதவி உயர்வு ஆகிவிட்டது. நம் புதுப் பதிவாளர் வேங்கடசுப்ரமணியன், மாட்டுங்காக்காரர், நேர்மையான மனுஷன். நேர்மை முற்றிப்போய் நடக்கும்போதே அளவுகோல் மாதிரி நடப்பார். நேற்று என் மேசைக்கு வந்தார்.

"என்ன பாய், இன்னும் பேனாவாலயா எழுதறேள்?"

"பேனா எழுதுது சார். நான் கூடவே போறேன், அவ்வளவுதான்."

"மே மாசம் ரிடையர் ஆகறேள். அதுக்குள்ள சிஸ்டத்தைக் கத்துண்டுட்டுப் போங்கோ."

சிஸ்டம் என்றது புதிதாக வந்திருக்கும் கம்ப்யூட்டரை. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, துணைவேந்தர் வந்து பொத்தானை அழுத்தினார். விஜயராணி இப்போது அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு எழுத்து வேலை குறைந்து, விரல்கள் நவாப் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி சும்மா இருக்கின்றன.

காலி வரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். என் கதைகளில் அது ஒன்றுதான் நிஜம். நீ கவலைப்படாமல் படிவத்தை முடி.

மாமி கருவாடு அனுப்புகிறாள். பையில் மற்ற காகிதங்களுக்கும் வாசனை ஏறும். ஏறட்டும்.

உன் மாமா

*

கள ஆய்வு நிலையம்
29 ஜனவரி 2025, புதன்

மாமா, ஸலாம். அவசரத்தில் எழுதுகிறேன், ஜீப் வாசலில் நிற்கிறது. நான் சுகம், நீங்கள் சுகம்தானே.

நிலையத் தலைவர் லீவு முடிந்து நேற்றுத்தான் வந்து கையெழுத்துப் போட்டார். இணையத்தில் நிரப்ப வேண்டியதைப் போன வாரம் தாலூகாவுக்குப் போய் முடித்துவிட்டேன். மிச்சம் இந்தக் கையெழுத்துப் படிவம் ஒன்றுதான். மற்ற எண்பத்திரண்டு பக்கமும் உங்கள் மேசையில் இருக்கிறது.

போன தடவை பழுப்பு உறையில் போட்டு, நிதிப் பிரிவுக்குப் போய், ஒன்பது நாள் காணாமல் போனது. அதனால் இந்தத் தடவை படிவத்தை இந்தக் கடிதத்துக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன். பை வந்ததும் நீங்கள் முதலில் கிழிப்பது இதைத்தான். நாளை வியாழன், மறுநாள் கடைசி நாள். ஒரு நாள் இருக்கிறது. பதிவாளர் இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமையின் கடைசி வரி இருக்கிறது.

மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் பயமில்லாமல் ஒரு உறையை ஒட்டுகிறேன்.

உமைரா

*

தாராவி
2 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்பு உமைராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். மற்றவை பிறகு.

ஜெயினுலாப்தீன்

*

கள ஆய்வு நிலையம்
26 பிப்ரவரி 2025

மாமாவுக்கும் மாமிக்கும் ஸலாம்.

நான்கு வியாழக்கிழமை போய்விட்டது. பையில் உரப் பில்லும் சுற்றறிக்கையும்தான் வருகின்றன. உங்கள் இரண்டு வரிக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது. உடம்புக்கு ஏதாவதா? மாமிக்கு ஏதாவதா?

தாலூகாவுக்குப் போய் வாரியத்தின் பட்டியலைப் பார்த்தேன். வந்து சேர்ந்த விண்ணப்பங்களில் என் பெயர் இல்லை. அவர்கள் ஏற்றத் தாமதமாகியிருக்கலாம். உங்களுக்குப் போன் போட்டேன், மாமிதான் எடுத்தாள். நீங்கள் தொழப் போயிருப்பதாகச் சொன்னாள். காலை பதினொரு மணிக்கு என்ன தொழுகை என்று நான் கேட்கவில்லை.

வேறொன்றும் எழுத வேண்டாம் மாமா. கடிதத்துக்கு என்ன எண் விழுந்தது, என்ன தேதி, அது மட்டும் எழுதுங்கள்.

உமைரா

*

தாராவி
9 மார்ச் 2025, ஞாயிறு, நோன்பு எட்டு

உமைரா, அஸ்ஸலாமு அலைக்கும்.

எங்கள் இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நோன்பு வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

எண் விழவில்லை. உன் விண்ணப்பம் போகவில்லை.

உன் கடிதத்தை நான் ஒரு நாளும் ஆபீஸில் பிரித்ததே இல்லை. கிழிக்கிறேன், மாடி எழுந்து நிற்கிறது என்று எழுதினதெல்லாம் விளையாட்டு. ஆபீஸில் பிரித்தால் அதுவும் ஒரு ஆபீஸ் காகிதமாகிவிடும் என்று, வியாழக்கிழமை சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். ஞாயிறு மத்தியானம் மொட்டை மாடியில் டீயோடு உட்கார்ந்து பிரிப்பேன். மூன்று நாள் கையில் இருந்தும் படிக்காமல் வைத்திருப்பதில் ஒரு சந்தோஷம். வாரத்தில் எனக்கு என்று இருந்தது அது ஒன்று.

அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து உன் படிவத்துக்காகக் காத்திருந்தேன். பழுப்பு உறையைத் தேடிப் பையைக் கவிழ்த்து உதறினேன். ஜீப் டிரைவரை வைதேன். நிதிப் பிரிவில் மூன்று மேசையைக் கிளறினேன். ஜும்ஆவுக்கு வேறு சட்டை மாற்றினபோது, உன் கடிதத்தைப் பழைய சட்டையிலிருந்து எடுத்துப் புதுச் சட்டையில் வைத்துக்கொண்டேன். கையில் எடுத்தேன் உமைரா. கனமாகக்கூட இருந்தது. இந்தத் தடவை நிறைய எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஐந்தரைக்கு விஜயராணி, "பாய் அண்ணே, உங்க மருமகளோடது வரலையே, சிஸ்டத்த மூடிரவா?" என்று கேட்டாள். மூடச் சொன்னது நான்தான்.

இன்னொன்றும் உண்டு. காலி வரி இல்லை. டிசம்பரிலேயே பதிவேட்டை எடுத்துவிட்டார்கள். எண்ணையும் தேதியையும் கம்ப்யூட்டர் தானே போடுகிறது, நிமிடத்தோடு. பதிவேடு பாதியில் நின்று அலமாரியில் கிடக்கிறது. அதை உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த ஒரு வரியும் போய்விட்டது என்று எழுதினால் அப்புறம் நான் யார் என்று இருந்தது. அதனால் மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள் என்று எழுதினேன். தேங்காய்கூட உடைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பதிவாளர் அறைக்குப் போய் எல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என் முன்னாலேயே டெல்லிக்குப் போன் போட்டார், இருபது நிமிடம் பேசினார். வைத்துவிட்டு, "எனக்குப் புரியறது பாய். ஆனா தேதியை மெஷின் போடறது, நான் போடலை. மாத்தற அதிகாரம் எனக்கே கிடையாது. பழைய புஸ்தகம் இருந்திருந்தா..." என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார். அவருக்கும் காலி வரியைப் பற்றித் தெரிந்திருக்கிறது.

மாமி உனக்காக துஆ செய்கிறாள். எனக்காகச் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜெயினுலாப்தீன்

*

கள ஆய்வு நிலையம்
28 மே 2025, புதன்

மாமாவுக்கும் மாமிக்கும் ஸலாம். சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

இது நான் இந்தப் பையில் போடும் கடைசிக் கடிதம். சனிக்கிழமை சாவியைக் கொடுத்துவிடுவேன். விதை அறைக்கு முத்திரை வைத்தாகிவிட்டது. நிலையத்தின் சொத்து, ஒரு மணி எடுக்கக்கூடாது. நான் சேர்த்த நெல்லை நான் தொடக்கூடாது என்று எழுதின காகிதத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். தாலூகாவில் ஒரு கல்லூரியில் பாடம் சொல்லப் போகிறேன், மணிக்கு இவ்வளவு என்று சம்பளம். முகவரி பின்பக்கம்.

கோபம் இல்லை என்று எழுதினால் நானும் உங்கள் மாதிரி ஆகிவிடுவேன். உங்கள் கடிதம் எல்லாமே ஞாயிற்றுக்கிழமைத் தேதிதான். ஏன் எனக்கு அது ஒரு தடவைகூட உறைக்கவில்லை என்றுதான் யோசிக்கிறேன். யோசித்து யோசித்துச் சலித்துவிட்டது.

கொஞ்ச நாள் எழுத வேண்டாம் மாமா. உங்களுக்கும் அதே சனிக்கிழமைதான் கடைசி நாள் என்பது ஞாபகம் இருக்கிறது. நல்லபடியாக முடியட்டும்.

உமைரா

*

தாராவி
27 ஜூலை 2025, ஞாயிறு

அன்பு மருமகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுத வேண்டாம் என்றாய். இரண்டு மாதம் எழுதவில்லை. என் ஆயுளில் வாயை மூடியிருந்த மிக நீண்ட காலம் இது. மாமி டாக்டரிடம் கூட்டிப்போகப் பார்த்தாள். இங்கே சுகம். உன் கல்லூரியில் பிள்ளைகள் அடங்குகிறார்களா?

நீ நம்பமாட்டாய். தாராவியில் ஒரு புது ராஜ்ஜியம் உண்டாகியிருக்கிறது. ஏழாவது மாடிக்கு மேலே, மொட்டை மாடியில், கடல் மாதிரி வயல். காற்று அடித்தால் பச்சை அலை மாஹிம் வரைக்கும் போய்த் திரும்புகிறது. மேற்கு ரயில்வேயில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தி எட்டிப்பார்க்கிறார்கள், அதனால்தான் வண்டிகள் தாமதம். போன வாரம் ஒரு கொக்குக் கூட்டம் வந்து வாடகைக்கு இடம் கேட்டது. அட்வான்ஸ் இல்லாமல் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் சொசைட்டி செயலாளர் அய்யாத்துரையை உனக்குத் தெரியும், இட்லி மாவுக் கடைக்காரர். மேலே ஏறி வந்து, தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னவே பாய், டெரஸ்ல வயக்காடு போட்டிருக்கீரு? லீக்கேஜ் ஆச்சுன்னா பில்டரா வருவான்?"

"பில்டர் வர வேண்டாம்வே. அறுப்புக்கு ஆள் வந்தாப் போதும்."

"இது என்ன நெல்லு?"

"உப்புத் தண்ணில வெளையற நெல்லு. மாவுக்கு உப்புப் போட வேண்டாம், அப்படியே அரைக்கலாம்."

அவர் அரை நிமிடம் நிஜமாகவே யோசித்தார். பிறகு, "ஒம்ம வாயில வெளையாததா வே இதுல வெளஞ்சிரப் போவுது" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார். அதற்கு மறுநாள் மாடிக்குத் தண்ணீர் குழாய் இழுத்து விட்டிருந்தார். கேட்டால் செடிக்கு இல்லை, வெயிலுக்கு என்கிறார். மும்பையில் மழை கொட்டுகிற ஜூலை மாதத்தில்.

வாரியத்திலிருந்து ஒரு குழு ஹெலிகாப்டரில் வந்து பார்வையிட இருக்கிறது. அவர்கள் கேட்டால் எண்பத்திரண்டு பக்கத்தையும் மனப்பாடமாகச் சொல்வேன்.

உனக்குச் சிரிப்பு வந்தால் எழுது. வராவிட்டாலும் எழுது.

உன் மாமா

*

தாலூகா
14 செப்டம்பர் 2025

மாமா, ஸலாம். மாமியின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், இங்கே எல்லோரும் போடுகிறார்கள். நான் சுகம். பிள்ளைகள் அடங்கவில்லை.

பொய் போதும் மாமா. நெல்லைப் பற்றி மட்டும் வேண்டாம். கல்லூரிக்குப் போகும் வழியில் மற்றவர்களின் வயலைப் பார்க்கவே நான் பஸ்ஸில் அந்தப் பக்கம் உட்காருவதில்லை. நிலையத்தில் கரண்ட் பில் கட்டாமல் விதை அறையின் ஏசியை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

கொக்கு, ஹெலிகாப்டர் எல்லாம் இருக்கட்டும். ஒருவேளை, ஒரே ஒரு தொட்டியாவது இருந்தால், இப்போது பால் பிடிக்கிற நேரம். வலை கட்டாவிட்டால் புறா ஒரு மணியும் விடாது. மணி பழுத்ததும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள், பத்து நாள் காய வேண்டும். ஒரு ரகத்தோடு இன்னொன்று கலக்கக்கூடாது.

இருக்காது என்று தெரியும். கை தானாக எழுதிவிட்டது.

உமைரா

*

தாராவி
2 நவம்பர் 2025, ஞாயிறு

அன்பு மருமகள் உமைராவுக்கு மாமா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும்.

தைலம் வந்தது. மாமி முழங்காலில் போட்டுக்கொண்டு ஏழு மாடியும் ஏறி மேலே வந்துவிட்டாள், ஏதோ நான் அங்கே இன்னொரு குடும்பம் வைத்திருக்கிற மாதிரி பார்த்தாள்.

நீ பொய் போதும் என்றாய். சரி. கொக்கு வாடகை கேட்கவில்லை. ஹெலிகாப்டர் இல்லை. ரயில் நிற்கவில்லை, தாமதம் அதுவாகவே ஆகிறது. பச்சை அலை மாஹிம் வரை போகவில்லை. தண்ணீர்த் தொட்டியின் சுவர் வரைகூடப் போகவில்லை.

கடைசி நாளன்று பதிவாளர் வந்து அலமாரியைக் காலி செய்யச் சொன்னார். உன் தகர டப்பாவை எடுத்துப் பார்த்தார். இது எந்தக் கணக்கிலும் இல்லையே, குப்பைக்குத்தானே என்றார். குப்பைக்குத்தான் சார் என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப போற வழியில நீங்களே போட்டுடுங்கோ பாய்" என்றார். பாதியில் நின்ற பதிவேட்டையும் அவரே எடுத்து டப்பாவின் மேல் வைத்தார்.

முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன், ஒன்றைக்கூடப் படித்ததில்லை. பக்கம் எண்ணுவேன், கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பேன், அவ்வளவுதான். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த ஜூன் மாதத்தில், மேசையிலிருந்து கூடவே எடுத்து வந்த உன்னுடையதை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். புரியாத இங்கிலீஷை விஜயராணி போனில் சொன்னாள். நாற்பத்தேழாம் பக்கத்தில் எப்படி ஊறவைப்பது, எப்படிச் சாக்கில் மூடுவது, எத்தனை நாளில் நடுவது எல்லாம் எழுதியிருந்தாய். டெல்லிக்குப் போகாவிட்டால் என்ன, எழுதினபடி யாராவது செய்ய வேண்டும் இல்லையா? குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவில் முப்பத்தெட்டு மண் தொட்டி வாங்கினேன். மணிபர்ஸில் பணம் குறைந்தது எப்படி என்று தேடின மாமிக்கு அதுவும் இப்போதுதான் தெரியும்.

பதினேழு தொட்டியில் முளைக்கவே இல்லை. ரகம் பதினாலு அதில் ஒன்று. அதைத் தின்றேன் என்று எழுதினது இப்போது குத்துகிறது. இரண்டை எலி வெட்டியது. உன் கடிதம் கொடுத்துப் போன தபால்காரர் படி இறங்குவதற்குள் அங்கேயே பிரித்துப் படித்துவிட்டு, மாமியின் கொசுவலையை அறுத்துக் கட்டினேன். இனிமேல் உன் கடிதத்தை வாசலில் நின்றே பிரிப்பதாக உத்தேசம். ஞாயிறு வரை காத்திருக்கிற சுகத்தை விட்டுவிட்டேன்.

இதோடு பத்தொன்பது பொட்டலம் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடிகூட இருக்காது. அந்தப் பதிவேட்டில் எழுதாத தாள்களைக் கிழித்துத்தான் மடித்தேன். எப்போதும் போல எண்களை முன்கூட்டியே போட்டுவைத்திருந்தேன். ஒவ்வொரு தாளிலும் கடைசி வரியில் உன் ரகத்தின் பெயரை எழுதியிருக்கிறேன். ஜனவரியில் உனக்குத் தராமல் விட்ட எண் அதில் எது என்று எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பதில் ஒன்றாக இருக்கட்டும்.

ஆகவே, இந்த ஒரு வருடத்தில் உன் மாமா எழுதினதில் தொட்டி மட்டும் நிஜம்.

வஸ்ஸலாம்.
ஜெயினுலாப்தீன்